வியூகத் திட்டம்: எதை விடுவது என்பதிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. தொண்டு நிறுவனத்துக்குப் பன்னிரண்டு வயது. சம்பளத்துக்கு ஒன்பது பேர், நான்கு வேலைத்திட்டங்கள். பெரிய நன்கொடையாளர் ஒருவர் ‘ஐந்து ஆண்டுக்கான வியூகத் திட்டத்தைக் கொடுங்கள், அப்புறம் அடுத்த கட்ட நிதியைப் பற்றிப் பேசலாம்’ என்கிறார். ஆலோசகர் ஒருவர் இரண்டு நாள் பட்டறை நடத்தி அறுபது பக்க ஆவணம் தருவதாகச் சொல்கிறார். ஆறு ஆண்டுக்கு முன் இதே போல் செய்த ஆவணம் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. இந்த முறை அப்படி ஆகக் கூடாது; என்ன செய்வது?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். நன்கொடையாளருக்கு ஒரு ஆவணம் வேண்டும். உங்களுக்குச் சில முடிவுகள் வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைந்தால் நல்லது, ஆனால் முடிவுகள் இல்லாமலே ஆவணம் எழுதிவிட முடியும் என்பதுதான் சிக்கல். பழைய ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். ‘தரமான சேவை வழங்குவோம்’, ‘சமூகப் பங்கேற்பை வலுப்படுத்துவோம்’, ‘நிதி ஆதாரங்களைப் பன்முகப்படுத்துவோம்’ என்றெல்லாம் இருக்கும். ஒவ்வொரு வரியையும் தலைகீழாக்கிப் படியுங்கள். ‘தரமற்ற சேவை வழங்குவோம்’ என்று எந்த நிறுவனமாவது எழுதுமா? எழுதாது என்றால், அந்த வரியில் நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ‘அடுத்த மூன்று ஆண்டுக்குப் புதிய ஊர்களுக்குப் போக மாட்டோம்; இருக்கும் ஊர்களில் பத்தாம் வகுப்பைத் தாண்டாத பெண்களோடு மட்டும் வேலை செய்வோம்’ என்பதைத் தலைகீழாக்கிப் பாருங்கள். நேர்மையான இன்னொரு நிறுவனம் அதற்கு எதிரான முடிவை எடுக்கலாம். அதனால்தான் அது வியூகம்.

இன்னொன்று. சில நேரங்களில் வியூகத் திட்டம் போடவே கூடாது. இன்னும் மூன்று மாதச் சம்பளத்துக்குப் பணம் இல்லை, இயக்குநர் விலகப் போகிறார், அறங்காவலர்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஒழுகும்போது மாடி கட்ட வரைபடம் போட வேண்டாம். இந்த நிலையில் ஓர் ஆண்டுக்கான வேலைத் திட்டமும் வரவுசெலவும் போதும் என்று நன்கொடையாளரிடம் சொன்னால், பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள்.

சரி, உங்கள் நிலை அவ்வளவு மோசமில்லை என்று வைத்துக்கொள்வோம். எங்கே தொடங்குவது?

பெரும்பாலான பட்டறைகள் நோக்கக் கூற்றைத் திருத்தி எழுதுவதில் தொடங்கும். ஒரு முழு நாள் அதிலேயே போகும். ‘அதிகாரப்படுத்துதல்’ என்பதா ‘வலுவூட்டுதல்’ என்பதா என்று பத்துப் பேர் வாதாடும் அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மாலையில் எல்லோருக்கும் களைப்பு, ஒரு சொல் மாறியிருந்தது. நோக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டால் நாம் என்ன செய்வோம்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. அமெரிக்காவில் 1938இல் அப்போதைய அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் முன்னின்று தொடங்கிய போலியோ ஒழிப்பு அமைப்புக்கு அது நேர்ந்தது. மக்கள் பத்து சென்ட் நாணயங்களை அனுப்பிவைக்க, அந்தப் பணத்தில் ஆராய்ச்சிகள் நடந்தன. ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி பலனளிக்கிறது என்று 1955இல் அறிவிக்கப்பட்டது. நோக்கம் கிட்டத்தட்ட நிறைவேறிவிட்டது. கையில் இருந்தது நாடு முழுக்கப் பரவிய தன்னார்வலர் படை, சிறு தொகையாகப் பணம் திரட்டும் திறமை, மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி கொடுத்த அனுபவம். 1958இல் குழந்தைகளின் பிறவிக் குறைபாடுகள் பக்கம் திரும்பினார்கள். மார்ச் ஆஃப் டைம்ஸ் என்ற பெயரில் அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது. ‘மூடிவிட்டுப் போயிருக்கலாமே’ என்றும் ஒருவர் கேட்கலாம், அதுவும் நியாயமான பதில்தான். நான் கவனிப்பது வேறொன்றை. தங்கள் உண்மையான பலம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. போலியோ என்ற சொல்லைவிட, மக்களிடம் நாணயம் நாணயமாகத் திரட்டி ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் அந்த வழியே அவர்களுடைய சொத்து. உங்கள் ஒன்பது பேரிடம் அப்படிப்பட்ட சொத்து எது? பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போட்டு ஒட்டுத்தாள் ஒட்டினால் இதற்குப் பதில் கிடைக்காது. அந்தக் கட்டங்களில் ‘அர்ப்பணிப்புள்ள ஊழியர்கள்’ என்பது எப்போதும் பலம், ‘நிதிப் பற்றாக்குறை’ எப்போதும் பலவீனம். அரை மணி நேரம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது, நீங்கள் செய்யும் வேலைக்கும் நீங்கள் விரும்பும் மாற்றத்துக்கும் நடுவில் இருக்கும் சங்கிலிக் கண்ணிகள். நன்கொடையாளர்கள் இதைத் ‘தியரி ஆஃப் சேஞ்ச்’ என்பார்கள். சிலர் லாக்ஃபிரேம் கேட்பார்கள். லாக்ஃபிரேம் 1969இல் அமெரிக்க அரசின் பன்னாட்டு உதவி முகமைக்காக உருவான, ஒரு திட்டத்தின் இலக்கு, வேலைகள், அளவுகோல்களை ஒரே தாளில் காட்டும் அட்டவணை. புராஜெக்டுகளைக் கண்காணிக்கப் பயன்படும், யோசிப்பதற்கு அவ்வளவாக உதவாது. தியரி ஆஃப் சேஞ்ச் என்பது, சுருக்கமாகச் சொன்னால், ‘நாங்கள் இதைச் செய்தால் அது நடக்கும், அது நடந்தால் இன்னொன்று நடக்கும்’ என்று எழுதி, ஒவ்வொரு ‘நடக்கும்’ மீதும் விரலை வைத்து ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்பது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம். 1980 முதல் பத்து ஆண்டுகள் வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்குக்கு உப்பும் வெல்லமும் தண்ணீரும் கலந்த கரைசலை வீட்டிலேயே தயாரிக்கத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். எத்தனை வீடுகளுக்குப் போனார் என்பதை வைத்துக் களப்பணியாளருக்குச் சம்பளம் தரவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய், தாய்மாரில் சிலரைக் கேள்வி கேட்பார். அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்களோ அதைப் பொறுத்துச் சம்பளம். அளவுகோல் கச்சிதம். ஆனாலும் ஒரு கண்ணி அறுந்துபோயிருந்தது. தாய்மார் செய்முறையைச் சரியாகச் சொன்னார்கள், குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. விசாரித்ததில் கற்றுக்கொடுத்த பணியாளர்களில் பலருக்கே அந்தக் கரைசலில் முழு நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. வீட்டு ஆண்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. பயிற்சியை மாற்றினார்கள், ஆண்களையும் கூட்டிப் பேசினார்கள், பயன்பாடு கூடியது. ‘தெரிந்தால் செய்வார்கள்’ என்பதுதான் அங்கே அறுந்த கண்ணி. உங்கள் நான்கு வேலைத்திட்டங்களிலும் இப்படி ஒன்று ஒளிந்திருக்கும். விழிப்புணர்வு முகாம் நடத்துபவர்கள் இதைக் கொஞ்சம் அதிகமாகவே யோசிக்க வேண்டும்.

இப்போது பணம். இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து, பெரும்பாலான தொண்டு நிறுவனங்கள் குறைவாகச் செலவிடுவதும் இதில்தான்.

நான்கு வேலைத்திட்டங்களும் உண்மையில் எவ்வளவு செலவாகின்றன என்று தெரியுமா? நன்கொடையாளரின் வரவுசெலவுத் தாளில் இருப்பதை நான் கேட்கவில்லை. வாடகை, கணக்காளர் சம்பளம், தணிக்கைக் கட்டணம், கணினி, இயக்குநரின் நேரம் எல்லாவற்றையும் பங்கிட்டுச் சேர்த்த முழுச் செலவைக் கேட்கிறேன். பங்கிட ஒரு எளிய வழி: எல்லா ஊழியரும் மூன்று வாரம், எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போனது என்று குறித்து வைக்கட்டும். அந்த விகிதத்திலேயே பொதுச் செலவைப் பிரியுங்கள். துல்லியமாக இருக்காது, போதுமானதாக இருக்கும்.

செய்து பார்த்தால் அதிர்ச்சி வரும். ஒரு மருத்துவ முகாம் திட்டத்துக்கு 100 பங்கு நிதி வருகிறது, நேரடிச் செலவு 92 என்று வையுங்கள். 8 மிச்சம் என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. பொதுச் செலவில் அதன் பங்கு 30 என்று தெரிந்ததும் அது 22 நட்டமாகிறது. அந்த 22 எங்கிருந்தோ வருகிறது. பெரும்பாலும் இயக்குநர் இரவு பதினோரு மணி வரை ரிப்போர்ட் எழுதுவதிலிருந்து, அல்லது எந்த நிபந்தனையும் இல்லாமல் யாரோ கொடுத்த சிறு நன்கொடைகளிலிருந்து. 2009இல் ஆன் காகின்ஸ் கிரெகரி, டான் ஹவர்ட் என்ற இருவர் இதைத் தொண்டு நிறுவனங்களின் ‘பட்டினிச் சுழல்’ என்று எழுதினார்கள். நிர்வாகச் செலவு குறைவாக இருக்கும் என்று நன்கொடையாளர் எதிர்பார்க்கிறார், நிறுவனம் அதைக் குறைத்துக் காட்டுகிறது, அதைப் பார்த்து எதிர்பார்ப்பு இன்னும் இறங்குகிறது. வியூகத் திட்டம் போடும் நேரம் இந்தச் சுழலை உடைக்க நல்ல தருணம், ஏனென்றால் கேட்டவரே நன்கொடையாளர். முழுச் செலவுக் கணக்கை அவர் முன் வையுங்கள்.

பிறகு ஒரு தாளில் இரண்டு கோடு வரையுங்கள். கிடைக்கோட்டில் ஒவ்வொரு வேலைத்திட்டமும் முழுச் செலவுக்குப் பிறகு பணத்தைக் கொண்டுவருகிறதா, தின்கிறதா. நெடுக்கோட்டில் அதன் பயன். பயனை எப்படி அளப்பது என்பீர்கள். நான்கு கேள்விகள் போதும்: நம் நோக்கத்துக்கு எவ்வளவு நெருக்கம், ஒருவரின் வாழ்க்கையில் எவ்வளவு ஆழமான மாற்றம், எத்தனை பேருக்கு, வேறு யாராவது இதை நம்மைவிட நன்றாகச் செய்கிறார்களா. ஒவ்வொருவரும் தனியாக ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் போடட்டும், அப்புறம் சேர்த்துப் பாருங்கள். சராசரியை விட்டுவிடுங்கள். எங்கே ஒருவர் நான்கும் இன்னொருவர் ஒன்றும் போட்டிருக்கிறாரோ அங்கே நின்று பேசுங்கள். அந்த உரையாடலில்தான் வியூகம் பிறக்கிறது.

நிறையப் பயனும் பணமும் உள்ளது எது என்பதில் விவாதம் வராது, அதை வளர்ப்பீர்கள். பயன் அதிகம், பணம் தின்கிறது என்ற கட்டத்தில் இருப்பதுதான் மனசுக்கு நெருக்கமானது. இலவச சட்ட ஆலோசனை மாதிரி. அதை விட வேண்டாம், ஆனால் ஆண்டுக்கு இவ்வளவுதான் தின்னலாம் என்று வரம்பு போடுங்கள், அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்று எழுதுங்கள். பயன் குறைவு, பணம் வருகிறது என்ற கட்டம் ஆபத்தானது. ‘ஃபண்டு வந்தது, எடுத்தோம்’ என்று நுழைந்தவை எல்லாம் இங்கே இருக்கும். அவற்றின் பயனைக் கூட்ட முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் ஒப்பந்தம் முடியும்போது விடுங்கள். பயனும் இல்லை, பணமும் இல்லை என்பது பெரும்பாலும் நிறுவனத்தைத் தொடங்கியவரின் செல்லப்பிள்ளை. யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இயக்குநராகிய நீங்கள்தான் முதலில் பேச வேண்டும்.

நான்காவது கேள்வியை, அதாவது வேறு யார் செய்கிறார்கள் என்பதை, தொண்டு நிறுவனங்கள் கேட்கவே கூச்சப்படும். 1983இல் இயன் மக்மில்லன் என்ற நிர்வாகவியல் பேராசிரியர், ஒரே வேலையைப் பலர் அரைகுறையாகச் செய்வதைவிட, வலுவாகச் செய்பவரிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் வலுவாக இருக்கும் வேலையில் இறங்குவதே மக்களுக்கு நல்லது என்று வாதிட்டார். சொல்வது எளிது. ஒப்படைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பயனாளிகளுக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்னால் சொல்லுங்கள். யாரிடம் போக வேண்டும் என்று பெயரோடு சொல்லுங்கள், முடிந்தால் கூடவே போய் அறிமுகம் செய்யுங்கள். அந்த வேலையில் இருந்த ஊழியரிடம் எல்லோருக்கும் முன்பாகப் பேசுங்கள். ஒரு நிறுவனத்தில் தன் திட்டம் மூடப்படுவதைக் களப்பணியாளர் ஒருவர் பட்டறையின் திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டார்; அந்த நாளுக்குப் பிறகு அங்கே யாரும் மனம் திறந்து பேசியதாகத் தெரியவில்லை.

வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னொரு உதாரணம் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு உலகம் முழுக்கப் பணம் கொட்டியது. ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு சில நாட்களிலேயே, சுனாமிக்காக நாங்கள் செய்யக்கூடிய வேலைக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, இனி அதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. ஏற்கெனவே கொடுத்தவர்களிடம், மிச்சத்தை மற்ற நெருக்கடிகளுக்குப் பயன்படுத்த அனுமதி கேட்டது. மற்ற அமைப்புகள் சிலவற்றுக்குக் கோபம். ஆனால் தங்களால் என்ன முடியும், என்ன முடியாது என்று முன்பே தெளிவாக இருந்தவர்களால் மட்டுமே அப்படிச் சொல்லியிருக்க முடியும்.

யார் யார் அறையில் இருக்க வேண்டும்? முடிவெடுக்கும் கூட்டத்தில் அறங்காவலர் குழு, இயக்குநர், இரண்டு மூன்று மூத்த ஊழியர்கள், களப்பணியாளர் ஒருவராவது. அதற்கு முன் இருபது முப்பது பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். பயனாளிகளில், இப்போது வருபவர்களைவிட வராமல் நின்றுவிட்டவர்களிடம் கேட்டால்தான் உண்மை கிடைக்கும். வேலையை விட்டுப்போன பழைய ஊழியர்கள், நிதியை நிறுத்திய நன்கொடையாளர்கள் இவர்களும் அப்படியே. ‘நாங்கள் நாளையே மூடிவிட்டால் உங்களுக்கு என்ன குறையும்?’ என்ற ஒரு கேள்வி போதும், நீளமான கேள்விப் படிவம் வேண்டாம்.

ஆலோசகரை வைத்துக்கொள்ளலாம். கேட்கும் வேலைக்கும், கூட்டத்தை நடத்தும் வேலைக்கும் வெளியாள் நல்லவர், ஏனென்றால் இயக்குநரே கூட்டத்தை நடத்தினால் இயக்குநருக்குப் பிடித்த முடிவுதான் வரும். ஆனால் எழுதுவதை அவரிடம் கொடுக்காதீர்கள். எழுதும்போதுதான் எங்கே தயங்குகிறோம் என்று தெரியும். இரண்டு நாள் பட்டறையில் எல்லாம் முடிந்துவிடும் என்று அவர் சொன்னால் நம்ப வேண்டாம். கணக்கும் பேட்டிகளும் இரண்டு மாதம், முடிவெடுக்க ஒரு மாதம், எழுத இரண்டு வாரம். மூன்று நான்கு மாதம் தேவைப்படும் என்று நன்கொடையாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஐந்து ஆண்டு என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் அளவுள்ள நிறுவனத்துக்கு மூன்று ஆண்டே நீளம். திசையை ஐந்தாண்டுக்குச் சொல்லுங்கள், முன்னுரிமைகளை மூன்றாண்டுக்கு, பெயரும் தேதியும் போட்ட வேலைகளை ஓராண்டுக்கு மட்டும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிர்வாகவியல் அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது, நடைமுறையில் நிறைவேறும் வியூகத்தில் ஒரு பகுதிதான் முன்கூட்டித் திட்டமிட்டது, இன்னொரு பகுதி வேலை செய்யச் செய்யத் தானாக உருவாவது என்பது. பிராக் கதையில் ஆண்களைக் கூட்டிப் பேசியது எந்தத் திட்டத்தாளிலும் முதலில் இருந்திருக்காது. ஆகவே அப்படி உருவாவதைக் கவனித்துப் பிடிக்க ஓர் இடம் வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை அறங்காவலர் கூட்டத்தில் முதல் பொருளாக வியூகத் திட்டத்தை வையுங்கள், கடைசிப் பொருளாக வைத்தால் தேநீரோடு முடிந்துவிடும். ‘எது நாம் நினைத்தபடி நடக்கவில்லை, அதனால் எதை மாற்றுகிறோம்’ என்பதை மட்டும் பேசுங்கள்.

நிதி வராமல் போனால் என்ன என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள். வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்றால், உங்கள் உண்மையான வியூகத்தை அவர்தான் முடிவு செய்கிறார். அந்த நிதி முழுதாக வந்தால், பாதி வந்தால், வராவிட்டால் என்று மூன்று நிலை எழுதி, ஒவ்வொன்றிலும் எதை முதலில் நிறுத்துவது, எதை எந்த நிலையிலும் விடுவதில்லை என்று முடிவு செய்யுங்கள். எந்த மாதத்துக்குள் பதில் வராவிட்டால் இரண்டாம் நிலைக்குப் போவது என்ற தேதியும் வேண்டும். தேதி இல்லாவிட்டால் கடைசி மாதம் வரை நம்பிக்கையிலேயே ஓட்டுவோம். மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கு இருப்பு நிதி வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். இப்போது கையில் ஒன்றுமே இல்லையென்றால் மூன்றாண்டில் ஒரு மாதச் செலவைச் சேர்ப்பதைக்கூட ஒரு முன்னுரிமையாக எழுதலாம், அதில் கூச்சம் வேண்டாம்.

ஆவணம் பத்துப் பக்கத்துக்குள் நிற்கட்டும். யாருக்காக, என்ன மாற்றம், எந்த வழியில், ஏன் அந்த வழி வேலை செய்யும் என்று நம்புகிறோம்; மூன்று அல்லது நான்கு முன்னுரிமைகள்; முதல் ஆண்டு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர் பெயர்; முழுச் செலவுக் கணக்கு; மூன்று நிதி நிலைகள். அதோடு ‘நாங்கள் செய்யப்போவதில்லை’ என்ற தலைப்பில் ஒரு பக்கம். நன்கொடையாளர்கள் இந்தப் பக்கத்தைத்தான் இரண்டு முறை படிக்கிறார்கள் என்பது என் அனுபவம். களப்பணியாளர்களுக்கு அவர்கள் பேசும் மொழியில் ஒரே பக்கமாகத் தனியாக எழுதிக் கொடுங்கள். அறுபது பக்கத்தை யாரும் சுவரில் ஒட்டுவதில்லை.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒன்பது பேருக்கும் நேரக்குறிப்புத் தாளைக் கொடுத்துவிடுங்கள். மூன்று வாரம் கழித்து அந்தத் தாள்களோடு உட்காரும்போது ஆலோசகர் தேவையா, தேவையென்றால் எதற்கு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.